கோவை மெனுவில் எண் அழுத்தினால் எடுக்கவில்லை – மூன்று ஊர் ஆஸ்டரிஸ்க் சர்வர், உதவி தேவை

கேள்வி:
வணக்கம். விவசாய பம்பு செட்டுக்கு உதிரி பாகங்கள் விற்கிறோம். சென்னை, கோவை, திருச்சி மூன்றிலும் தனித்தனி ஆஸ்டரிஸ்க் (அலுவலகத் தொலைபேசி இணைப்பக மென்பொருள்) சர்வர். விபிஎன் வழியாக சிப் ட்ரங்க் (சர்வர்களுக்கு இடையே அழைப்பு போகும் தடம்) போட்டு இணைத்திருக்கிறேன், கோடெக் (குரலை டிஜிட்டலாக்கும் முறை) ஜி.729. வெளி அழைப்பெல்லாம் சென்னை பிஆர்ஐ லைனில் (பல அழைப்பு தாங்கும் டிஜிட்டல் தொலைபேசி லைன்) வரும். சென்னை மெனுவில் 1 விற்பனை, 2 கோவை, 3 திருச்சி.

2 அழுத்தினால் கோவை மெனு தெளிவாகக் கேட்கிறது. ஆனால் அங்கே எதை அழுத்தினாலும் அசைவில்லை, அறிவிப்பே திரும்ப ஓடுகிறது. கோவை அலுவலகத்துக்குள்ளிருந்து அழைத்தால் அதே மெனு ஒழுங்காக வேலை செய்கிறது. திருச்சியில் இந்தத் தொல்லை இல்லை. இன்னொன்று, சென்னையில் 1, 3 உடனே போகின்றன, 2 மட்டும் ஐந்து விநாடி நிற்கிறது. மோட்டார் நின்றுபோய்த் தண்ணீர் பாயாமல் அழைப்பவர்கள் பாதியில் வைத்துவிடுகிறார்கள். அதுதான் மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

பதில் 1:
குரல் போகிறது, எண் போகவில்லை என்றால் முதலில் டிடிஎம்எஃப் (அழுத்தும் எண்ணைத் தெரிவிக்கும் ஒலி) முறையைப் பாருங்கள். இரண்டு சர்வரிலும் லாக்கர் கோப்பில் (எதைப் பதிவு காட்டுவது என்ற அமைப்பு) கன்சோல் வரியோடு டிடிஎம்எஃப் சேர்த்து, ரீலோட் செய்து, ஒரு அழைப்பு போடுங்கள். சென்னை எக்ஸ்டென்ஷன்கள் (உள் எண்கள்) எந்த எண்ணில் தொடங்குகின்றன?

கேட்டவர்:
பார்த்தேன் சார். சென்னையில் வரி வருகிறது, கோவையில் ஒன்றுகூட இல்லை. கோவை ட்ரங்க்கில் சென்னைப் பக்கம் இன்பேண்ட், கோவைப் பக்கம் ஆர்எஃப்சி 4733 (எண்ணைத் தனிப் பாக்கெட்டாக அனுப்பும் முறை). திருச்சிக்கு இரண்டு பக்கமும் 4733. எக்ஸ்டென்ஷன் 201 முதல் 240.

பதில் 1:
இரண்டும் தெரிந்துவிட்டது. இன்பேண்ட் என்றால் எண்ணின் ஒலி குரலோடு கலந்தே போகும். 64 கிலோபிட் ஜி.711-இல் அது தாங்கும். ஜி.729 மனிதப் பேச்சுக்கென்று 8 கிலோபிட்டுக்குச் சுருக்குவது, அதில் ஒலி சிதைந்துவிடும். போதாததற்கு, கோவை அதை ஒலியாக எதிர்பார்க்கவே இல்லை, தனிப் பாக்கெட்டாக எதிர்பார்க்கிறது. சென்னைப் பக்கமும் 4733 வையுங்கள்.

2 தாமதமாவது ட்ரங்க்கின் தவறில்லை. அதே கான்டெக்ஸ்ட்டில் (மெனு தேடும் எண்களின் தொகுப்பு) 201, 202 எல்லாம் இருப்பதால், அடுத்த இலக்கம் வருமோ என்று ஆஸ்டரிஸ்க் காத்திருக்கிறது. அந்த டைம்அவுட் இயல்பாகவே 5 விநாடி. குறைக்கலாம், ஆனால் நேரடி எண்ணை நிதானமாக அழுத்துபவர்கள் மாட்டிக்கொள்வார்கள். கோவைக்கு வேறு எண் கொடுப்பதே நல்லது.

பதில் 2:
சரி, அதோடு ஒன்று. மெனுக்களை ஊர் ஊராக வைக்காதீர்கள். எல்லாவற்றையும் சென்னையிலேயே வைத்து, கடைசித் தேர்வு முடிந்த பிறகு மட்டும் அழைப்பை ட்ரங்க்கில் அனுப்புங்கள். கோவை மெனுவிலிருந்து "முதன்மை மெனுவுக்குத் திரும்ப" என்று வைத்தால், அழைப்பு ட்ரங்க்கில் போய் அதே வழியில் திரும்பி வந்து, ஒரே ஆளுக்கு இரண்டு சேனல் பிடிக்கும். அப்புறம் ட்ரங்க்கில் குவாலிஃபை (எதிர் சர்வர் இருக்கிறதா என்று அவ்வப்போது கேட்பது) இடைவெளி போடுங்கள். இல்லாவிட்டால் விபிஎன் அறுந்தது தெரியாமல் 32 விநாடி வரை அழைப்பு அந்தரத்தில் நிற்கும். டயல்ஸ்டேட்டஸ் (அழைப்பின் முடிவு) பார்த்து, கோவை கிடைக்காவிட்டால் சென்னை விற்பனைக்கே திருப்புங்கள்.

கேட்டவர்:
4733 மாற்றியதும் கோவை மெனு எண்ணை எடுத்துக்கொண்டது. கோவைக்கு 5 கொடுத்து அறிவிப்பை மறுபடி பதிவு செய்துவிட்டேன், 8000 ஹெர்ட்ஸ் மோனோவில். இப்போது எந்த எண்ணும் காக்கவில்லை. மெனுக்களைச் சென்னைக்கு மாற்றும் வேலையை ஞாயிற்றுக்கிழமை செய்கிறேன். குவாலிஃபை 30 விநாடி வைத்து, விபிஎன்னை நிறுத்திச் சோதித்தேன். கோவைக்குப் போன அழைப்பை சென்னை விற்பனையில் எடுத்தார்கள். இருவருக்கும் மிக்க நன்றி சார்.