கலிஃபோர்னியா வேலையின்மைக் காப்பீடு: இணையத்தில் விண்ணப்பித்து ஐந்து வாரமாகியும் ‘பெண்டிங்’ என்றே காட்டுகிறது

மில்பிட்டஸ்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்த நிறுவனம் எங்கள் பிரிவையே கலைத்துவிட்டதால் இப்போது வேலையின்றி இருக்கிறேன். 2020 அக்டோபரில் விசா தேதிகள் (கிரீன் கார்டு வரிசையில் யார் விண்ணப்பிக்கலாம் என்பதைக் காட்டும் தேதிகள்) முன்னேறியபோது அளித்த கிரீன் கார்டு விண்ணப்பம் இன்னும் முடிவாகவில்லை. அதன்பேரில் கிடைத்த ஈ.ஏ.டி. (வேலை அனுமதி) அட்டையைக் கொண்டுதான் வேலை செய்துவந்தேன். வேலை போன வாரத்திலேயே மாநிலத்தின் யூ.ஐ. ஆன்லைன் தளத்தில் விண்ணப்பித்தேன். வாரத்துக்கு 450 டாலர் என்று குறிப்பிட்ட அறிவிப்புக் கடிதமும் வந்துவிட்டது. ஆனால் முதல் இரண்டு வாரங்களுக்கான செர்டிஃபிகேஷனை (அந்த வாரங்களில் வேலைக்குத் தயாராக இருந்தேனா என்பது போன்ற கேள்விகளுக்குப் பதில் அளித்து உறுதி செய்வதை) முடித்த பிறகும் கணக்கில் ‘பெண்டிங்’ (நிலுவை) என்றே இருக்கிறது. இதற்கிடையில் அடையாளச் சான்றுகளைக் கேட்டு ஒரு கடிதமும் வந்திருக்கிறது.

குழப்பத்துக்குக் காரணம் என் பெயராக இருக்கலாம் என்று நினைக்கிறேன். நம் ஊர் வழக்கப்படி பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இல்லாமல் என் பெயர் மட்டுமே இருந்ததால், விசாவில் அது குடும்பப் பெயர் இடத்துக்குப் போய், முதல் பெயர் இடத்தில் ‘எஃப்.என்.யூ.’ (முதல் பெயர் தெரியாது) என்று அச்சாகிவிட்டது. சோஷியல் செக்யூரிட்டி அட்டையிலும் நிறுவனத்தின் சம்பளப் பட்டியலிலும் அப்பாவின் பெயர் குடும்பப் பெயராக இருக்கிறது. விண்ணப்பத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே நான் நிரப்பிவிட்டேன்.

மூன்று ஐயங்கள். இந்தப் பெயர்ச் சிக்கலை எப்படித் தீர்ப்பது? விவகாரம் முடியும்வரை அடுத்த வாரங்களுக்குச் செர்டிஃபை செய்யாமல் நிறுத்தி வைக்கலாமா? அம்மாவுக்கு உடல்நலம் சரியில்லாததால் இரண்டு வாரம் மதுரை போய்வர வேண்டியிருக்கிறது. அங்கிருந்தே செர்டிஃபை செய்யலாமா?

பழைய கணக்குப்பிள்ளை எழுதியது:

வணக்கம் நண்பரே. நிறுவனங்களின் சம்பளக் கணக்குகளைப் பார்ப்பதே என் தொழிலாக இருந்தது என்பதால் இந்தப் பெயர்ச் சிக்கலைப் பலமுறை பார்த்திருக்கிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: நிறுத்தி வைக்காதீர்கள். ‘பெண்டிங்’ என்பது மறுப்பு அன்று. முடிவு வரும்வரை இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை செர்டிஃபை செய்துகொண்டே இருந்தால்தான், தகுதி உறுதியான பிறகு அந்த வாரங்களுக்கான தொகையைத் தருவார்கள். செர்டிஃபை செய்யாமல் விட்ட வாரத்துக்குப் பணம் கேட்க, தாமதத்துக்குத் தக்க காரணம் காட்ட வேண்டியிருக்கும்.

உங்களுக்கு வந்த 450 டாலர் கடிதத்தைப் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். பணம் உறுதியாகிவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை. அடிப்படைக் காலம் எனப்படும் ஓராண்டில், எந்தக் காலாண்டில் உங்கள் சம்பளம் மிகுதியோ அதை வைத்துக் கணக்கிட்டால் எவ்வளவு வரும் என்பதை மட்டுமே அது சொல்கிறது. 450 டாலர்தான் உச்சவரம்பு; 2005-லிருந்து அது உயரவில்லை. சிலிக்கான் பள்ளத்தாக்கில் வாடகை என்ன ஆயிற்று என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. இந்தத் தொகை சரியாக வந்திருப்பதிலேயே ஒரு நல்ல செய்தி இருக்கிறது. நிறுவனம் காலாண்டுதோறும் அனுப்பும் சம்பள விவரம் சோஷியல் செக்யூரிட்டி எண்ணோடு சேர்ந்தே பதிவாகிறது; ஆகவே உங்கள் எண்ணும் சம்பளமும் பொருந்திவிட்டன. பொருந்தாமல் நிற்பது பெயர் மட்டுமே என்று தோன்றுகிறது.

விண்ணப்பத்தில், வேலையில் பயன்படுத்திய பிற பெயர்கள் யாவை என்று கேட்கும் இடம் ஒன்று உண்டு. திருமணத்துக்குப் பின் பெயர் மாற்றிக்கொண்டவர்களுக்கானது என்று நினைத்து நம்மவர்கள் அதை வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். உண்மையில் முன்னெழுத்தோடு பிறந்த நமக்குத்தான் அது முதலில் தேவை. நீங்களும் அப்படித்தான் விட்டிருப்பீர்கள். இப்போது செய்ய வேண்டியது, அடையாளச் சான்று கேட்ட கடிதத்தில் உள்ள பட்டியலைப் பார்த்து, சோஷியல் செக்யூரிட்டி அட்டை, ஓட்டுநர் உரிமம், ஈ.ஏ.டி. அட்டை, பாஸ்போர்ட் ஆகியவற்றில் எவற்றை ஏற்கிறார்களோ அவற்றைத் தெளிவாகப் படமெடுத்து, கடிதத்தில் குறித்த கெடுவுக்குள் தளத்திலேயே பதிவேற்றுவது. இவற்றோடு அரைப் பக்க விளக்கமும் வையுங்கள்: தமிழ் வழக்கில் குடும்பப் பெயர் கிடையாது, தந்தையின் பெயரே அவ்விடத்தில் எழுதப்படுகிறது, இரண்டு வடிவங்களும் ஒரே ஆளைத்தான் குறிக்கின்றன, இரண்டிலும் பிறந்த தேதி ஒன்றே என்று எளிய ஆங்கிலத்தில் எழுதினால் போதும். கோப்பைப் பார்க்கிற அலுவலருக்கு நம் பெயர் முறை தெரிந்திருக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. என்னையே இந்நாட்டில் முப்பது ஆண்டுகளாக என் அப்பாவின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள்.

தேன்மொழி, ஃப்ரீமாண்ட் எழுதியது:

மதுரைப் பயணம் பற்றி மட்டும் சொல்கிறேன், அண்ணா. செர்டிஃபிகேஷனில், நோய் தவிர வேறு காரணத்தால் அந்த வாரத்தின் ஏதாவது ஒரு நாளில் முழுநேர வேலையை ஏற்க முடியாத நிலை இருந்ததா என்று ஒரு கேள்வி வரும். மதுரையில் அம்மாவின் அருகில் இருக்கும்போது, இங்கே நாளைக்கே வேலையில் சேரச் சொன்னால் உங்களால் சேர முடியாது. எனவே அந்த நாள்களுக்கு ‘ஆம்’ என்பதே உண்மையான பதில். அந்த வாரங்களுக்கு உதவித்தொகை கிடைக்காமலோ குறைந்தோ போகலாம். ஆனால் உங்களுக்கு ஒதுக்கிய மொத்தத் தொகையிலிருந்து அது கழியாது. ஓராண்டுக்குள் அதிகபட்சம் 26 வாரங்களுக்கான தொகை உங்கள் பெயரில் இருக்கிறது. திரும்பி வந்தபின் தொடர்ந்து பெறலாம். மாறாக, இங்கேயே இருந்ததாகச் சொல்லி, பின்னர் தெரியவந்தால், வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்டுவதோடு அதில் 30 சதவீதம் அபராதமும் கட்ட நேரும். குடியேற்ற விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறவருக்கு அரசு ஆவணத்தில் பொய் சொன்ன பதிவு எவ்வளவு கேடு என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

இன்னொன்று. உங்களிடம் ஈ.ஏ.டி. இருப்பதால் நீங்கள் எந்த நிறுவனத்திலும் சட்டப்படி சேரலாம். ஆகவே தகுதி உண்டு. இதைப் படிக்கிற எச்-1பி விசா (ஒரு நிறுவனத்தின் மனுவின்பேரில் கிடைக்கும் வேலை விசா) நண்பர்கள் ‘நமக்கும் கிடைக்கும்’ என்று நினைத்துவிட வேண்டாம். வேறொரு நிறுவனம் மனு அளிக்காமல் அவர்களால் வேலையில் சேர முடியாது என்பதால், ‘வேலைக்குத் தயாராக இருக்க வேண்டும்’ என்ற நிபந்தனையில் அவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுகிறார்கள். இந்தக் காப்பீட்டுக்கான வரியை அவர்கள் பெயரிலும் நிறுவனம் கட்டியிருக்கிறது என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் கசப்பாகவே இருக்கிறது; ஆயினும் விதி இப்படித்தான் இருக்கிறது. வேலை போன பிறகு அவர்களுக்குக் கிடைப்பது அதிகபட்சம் 60 நாள் அவகாசம். அதை இந்த விண்ணப்பத்தில் செலவிடுவதைவிட வேலை தேடுவதில் செலவிடுவது மேல்.

உதவித்தொகை வாங்கினால் ‘பப்ளிக் சார்ஜ்’ (அரசு உதவியை நம்பி வாழ்பவர்) என்று கிரீன் கார்டுக்குத் தடை வருமோ என்று என் கணவர் அஞ்சினார். வேலையின்மைக் காப்பீடு உழைத்துச் சேர்த்த உரிமையாகக் கருதப்படுவதால் அதில் அது சேராது.

சாரதி எழுதியது:

மில்பிட்டஸ்வாசி அவர்களே, வேலையை விட்டு அனுப்பும்போது நிறுவனம் விலகல் தொகை ஏதேனும் தந்திருந்தால் அதை மறைக்காமல் தெரிவியுங்கள். கலிஃபோர்னியாவில் அது பொதுவாக வாரத் தொகையைக் குறைப்பதில்லை. ஆனால் முன்னறிவிப்புக்குப் பதிலாகக் கொடுத்த சம்பளமாக இருந்தால் கணக்கு வேறு. எது எந்த வகை என்பதை முடிவு செய்வது இந்தக் காப்பீட்டை நடத்தும் மாநிலத் துறையின் வேலை. நாமே முடிவு செய்து விட்டுவிடக் கூடாது.

பகுதி நேர வேலை ஏதாவது கிடைத்தால், சம்பளம் கைக்கு வந்த வாரத்தில் அன்று, வேலை செய்த வாரத்தில் காட்ட வேண்டும். அதுவும் பிடித்தங்களுக்கு முந்தைய தொகையை. அங்கே வாரம் என்பது ஞாயிறு தொடங்கிச் சனி வரை. கூட்டாட்சி வரியாக 10 சதவீதம் பிடிக்கட்டுமா என்று தளத்தில் கேட்கும்போது சரி என்றே சொல்லுங்கள். மாநிலம் இந்தத் தொகைக்கு வரி வாங்காது. கூட்டாட்சி அரசு வாங்கும்.

மில்பிட்டஸ்வாசி எழுதியது:

மூவருக்கும் நன்றி. கணக்குப்பிள்ளை ஐயா ஊகித்தது சரி. பிற பெயர்கள் என்ற இடத்தை வெறுமையாகத்தான் விட்டிருந்தேன். சான்றுகளையும் விளக்கத்தையும் அன்றிரவே பதிவேற்றினேன். நிலுவையில் இருந்த வாரங்களுக்கும் செர்டிஃபை செய்துவிட்டேன். பதிவேற்றிய பன்னிரண்டாம் நாள் ‘பெண்டிங்’ மறைந்து, வங்கிக் கணக்கில் பணம் வந்தது. ஒரு வாரத்துக்கான தொகை மட்டும் குறைந்திருந்ததைக் கண்டு பதறினேன். முதல் வாரம் பணமில்லாக் காத்திருப்பு வாரம் என்பதும், அதற்கும் செர்டிஃபை செய்தால்தான் அது கழியும் என்பதும் பிறகே புரிந்தது.

மதுரைக்கு வியாழக்கிழமை புறப்படுகிறேன். அந்த வாரங்களுக்குத் தேன்மொழி சொன்னபடியே ‘ஆம்’ என்று பதில் அளித்து, தேதிகளையும் குறிப்பிடப் போகிறேன். எண்பது வயது அம்மாவைப் பார்க்கப் போவதற்கு 900 டாலர் போனால் போகட்டும்.