நடுச்சுவர் ஒன்று, காசநோய்க் கிருமி இரண்டு

கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் சளி மாதிரி சேகரிக்கும் பணியில் இருந்தபோது நேர்ந்தது இது. அடுத்தடுத்த இரண்டு லைன் வீடுகளில் முதலில் ஒரு பெரியவருக்கும், நான்கு மாதம் கழித்து 24 வயது இளைஞர் ஒருவருக்கும் காசநோய் உறுதியானது. இரு வீட்டுக்கும் நடுச்சுவர் ஒன்றுதான் என்பதால் பெரியவரே நோயைக் கொடுத்துவிட்டார் என்று லைன் முழுவதும் பேச்சாயிற்று. அவருடைய பேத்தியை மற்றப் பிள்ளைகள் விளையாட்டில் சேர்க்கவில்லை. மழைக்காலத்தில் கதவும் சன்னலும் அடைத்தே கிடக்கும் அந்த வீடுகளைப் பார்த்துப் பழகிய நானும் அப்படித்தான் நம்பினேன்.

இளைஞரின் சளியில் கார்ட்ரிட்ஜ் பரிசோதனை (கிருமியின் மரபுப்பொருளை இயந்திரத்தில் பார்க்கும் விரைவுச் சோதனை) ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மருந்துக்கு எதிர்ப்பைக் காட்டியது. பெரியவரின் கிருமியில் அது இல்லை. ஆனால் இதை மட்டும் வைத்து இரண்டும் வேறு என்று சொல்லிவிட முடியாது. கிருமியின் ஆர்.பி.ஓ.பி. என்ற மரபணுவில் 81 எழுத்துகள் (டி.என்.ஏ.வின் அடிப்படை அலகுகள்) கொண்ட சிறு பகுதிக்குள் ஓர் எழுத்து மாறினாலும் அந்த மருந்து பலிக்காமல் போகலாம். அந்த மாற்றம் ஒரே வகைக் கிருமிக்குள்ளும் தோன்றக்கூடியதே.

பின்னர் ஓர் ஆய்வுக்காக இருவரின் ஒப்புதலோடு கிருமிகளை வளர்த்தார்கள். முட்டை கலந்த பச்சை நிற ஊடகத்தில் வாரக்கணக்கில் காத்திருந்து பார்த்தால், இரண்டு குழாய்களிலும் ரொட்டித்தூளை அள்ளி ஒட்டியதுபோல் அதே வெளிர்மஞ்சள், அதே சொரசொரப்பு. மரபுத்தொகுதியின் 44 லட்சம் எழுத்துகளையும் படித்தபோதுதான் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் அவை வேறுபடுவது தெரிந்தது. இக்கிருமியில் சராசரியாக ஆண்டுக்கு ஓர் எழுத்துகூட மாறுவதில்லை. ஆகவே ஒருவரிடமிருந்து மற்றவருக்கு அண்மையில் தொற்றியிருந்தால் வேறுபாடு 5, மிஞ்சினால் 12 இடங்களுக்குள் இருக்கும் என்பது ஆய்வாளர்கள் பலர் கைக்கொள்ளும் கணக்கு. பெரியவருடையது தென்னிந்தியாவில் பரவலாக உள்ள, தொன்மையான முதலாம் மரபுவழி. இளைஞருடையது கிழக்காசியாவில் மிகுந்து காணப்படும் பெய்ஜிங் வகை. அவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இரண்டு ஆண்டு வேலை செய்து திரும்பியவர். அங்கேதான் தொற்றியது என்று நான் சொல்லமாட்டேன். பக்கத்து வீட்டிலிருந்து வரவில்லை என்று மட்டும் உறுதியாகச் சொல்லலாம்.

ஐ.எஸ். 6110 என்ற மரபுத்துண்டு கிருமியில் எங்கெங்கே உள்ளது என்பதைக் கோடுகளாக்கி ஒப்பிடும் பழைய கைரேகை முறை நம் பக்கத்தில் அவ்வளவாகக் கைகொடுத்ததில்லை. தென்னிந்தியக் கிருமிகள் பலவற்றில் அந்த மரபுத்துண்டின் பிரதி ஒன்றுதான் இருக்கும். ஒரே கோட்டை வைத்து எதை எதிலிருந்து பிரித்தறிவது?

முடிவு வருவதற்குள் பெரியவர் ஆறு மாத மருந்தை முடித்திருந்தார். இரு வீட்டாரின் சம்மதத்தோடு மருத்துவரே நேரில் வந்து விளக்கினார்.

*

உங்கள் நடுச்சுவர்க் கட்டுரையைப் படித்துவிட்டுக் கூடலூரிலிருந்து எழுதுகிறேன், ஐயா. என் மாமியாருக்குக் காசநோய் குணமாகி ஐந்து ஆண்டு கழித்து மறுபடியும் வந்தது. உள்ளே உறங்கியிருந்த பழைய கிருமியே விழித்ததா, புதிதாக ஒன்று தொற்றியதா என்று மருத்துவரிடம் கேட்டேன். இரண்டு முறையும் எடுத்த கிருமிகளின் மரபெழுத்துகளை ஒப்பிட்டால் சொல்லலாம் என்றார். முதல் முறை சளியை நுண்ணோக்கியில் பார்த்ததோடு சரி, கிருமியை வளர்த்து வைக்கவில்லை. நான் அத்தையிடம் பழையதுதான் போலிருக்கிறது என்றேன். மருந்தை ஒருநாள்கூட விட்டதில்லையே என்று அவர் இன்றுவரை அதை ஒப்புக்கொள்ளவில்லை.