மாலரின் 6ஆம் சிம்பொனி: சுத்தியல் அடி இரண்டா, மூன்றா?

முல்லைவனம்:
இரண்டு வாரமாக ஆஸ்திரிய இசையமைப்பாளர் மாலரின் இந்த சிம்பொனியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கடைசிப் பகுதி, கிட்டத்தட்ட அரை மணி நேரம் ஓடுகிறதே, அதில் பெரிய மரச் சுத்தியலால் அடிக்கிற இடம் வருகிறது. பெர்ன்ஸ்டைன் நடத்திய பதிவில் மூன்று முறை அடி விழுகிறது, அப்பாடோ நடத்தியதில் எண்ணிப் பார்த்தால் இரண்டுதான். என் ஹெட்போன் போய்விட்டது என்று நினைத்தேன். நடத்துநர் தன் இஷ்டத்துக்குக் கூட்டிக் குறைக்கலாமா? சத்தமும் ஒன்றுபோல் இல்லை, ஒன்றில் கதவை ஓங்கி அறைந்த மாதிரி, இன்னொன்றில் வெறும் பெரிய டிரம்.

தாளக்கிறுக்கன்:
ஹெட்போனில் கோளாறு இல்லை. குழப்பம் மாலரிடமே தொடங்குகிறது. 1906 மே 27 அன்று எஸ்ஸன் நகரில் அவரே நடத்தி அரங்கேற்றினார். முதலில் அச்சான பதிப்பில் மூன்று அடி, அதே ஆண்டு திருத்தியபோது மூன்றாவதை எடுத்துவிட்டார். 1963இல் வந்த எர்வின் ராட்ஸின் ஆய்வுப் பதிப்பிலும் இரண்டுதான். சத்தத்தைப் பற்றி ஸ்கோரில் (வாத்தியங்களுக்கான இசைக்குறிப்பில்) மாலர் எழுதியிருப்பது: சுருக்கமான, பலமான, ஆனால் மந்தமாக ஒலிக்கிற அடி, உலோகச் சத்தமாக இருக்கக் கூடாது, கோடாலி வெட்டு மாதிரி. எதன் மேல் அடிப்பது என்று சொல்லவில்லை! அதனால் ஒவ்வோர் ஆர்கெஸ்ட்ராவும் தனக்கென்று ஒரு மரப்பெட்டி செய்து வைத்திருக்கிறது. மாலரே தோல் கட்டிய பெரிய பெட்டி ஒன்றைச் செய்யச் சொல்லிப் பார்த்தார், அது சரிப்படவில்லை.

செவிச்செல்வி:
நான் மூன்று அடிக் கட்சி. இவை விதியின் அடிகள், மூன்றாவது அடியில்தான் சிம்பொனியின் நாயகன் மரம்போல் சாய்கிறான் என்று மாலர் சொன்னதாக அவர் மனைவி அல்மா எழுதியிருக்கிறார். அதை எடுத்துவிட்டால் கதை எங்கே முடிகிறது? அந்த அடிகள் தன் மேலேயே விழுமோ என்று பயந்துபோய்த்தான் எடுத்தார் என்பார்கள், 1907இல் மகள் இறந்தாள், அவருக்கு இதயக் கோளாறு தெரிய வந்தது, வியன்னா ஓபராவை விட்டும் விலகினார்.

தாளக்கிறுக்கன்:
அது எல்லாம் 1907, அடியை எடுத்தது 1906. பின்னால் நடந்ததை முன்னால் கொண்டுபோய் ஒட்டாதீர்கள். இன்னொன்று, மூன்றாவது அடியை எடுத்தபோது அதைச் சுற்றியிருந்த வாத்தியங்களையும் மெலிதாக்கினார். திருத்திய ஸ்கோரை வைத்துக்கொண்டு அங்கே சுத்தியலை மட்டும் திரும்பப் போட்டால், காலி வீட்டில் பாத்திரம் விழுந்த மாதிரி இருக்கும். மூன்று வேண்டுமென்றால் அந்த இடத்தில் பழைய வடிவத்துக்கே போக வேண்டும். நடத்துநர் பெஞ்சமின் சாண்டர் கடைசிப் பகுதியை இரண்டு வடிவத்திலும் பதிவு செய்திருக்கிறார், அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள்.

மரக்கட்டை:
காதால் மட்டும் கேட்கிறீர்கள், அதுதான் சிக்கல். வீடியோவில் சுத்தியல்காரரைக் கவனியுங்கள், அடி விழுவதற்குச் சற்று முன்பே எழுந்து நின்று இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிவிடுகிறார். கனமான மரம் கீழே வர நேரம் பிடிக்கும், நடத்துநரின் கோல் இறங்கிய பிறகு தூக்கினால் அடி பிந்திவிடும். பார்க்கிறவர்களுக்கு என்ன வரப்போகிறது என்று முன்னாலேயே தெரிந்துவிடுகிறது. அந்தக் கண நேரம் வயிற்றைப் பிசைகிறது. எனக்கு அடியைவிட அதுதான் பிடிக்கும், ஆகவே இரண்டே போதும், மூன்றாவது முறை தூக்கும்போது அரங்கில் நாலு பேர் சிரித்துவிடுவார்கள்.

முல்லைவனம்:
சரி, இன்று ராத்திரி வீடியோவிலேயே பார்க்கிறேன். அப்புறம் முதல் பகுதியில் தூரத்தில் மாட்டு மணி கேட்கிறதே, அதையும் ஆளுக்கு ஒரு மாதிரி செய்கிறார்களா?