பையன் பொம்மையைத் தாலாட்டினால் தடுக்க வேண்டுமா?

என் மகனுக்கு நாலு வயது. அக்காவின் துணிப் பொம்மையைத் தோளில் சாய்த்து, முதுகைத் தட்டி, "ஏப்பம் வந்துடுச்சா?" என்று கேட்கிறான். அப்புறம் அதை லாரியில் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்கு ஓட்டுகிறான். பார்க்கவே ஆசையாக இருக்கிறது. மாமனார்தான், "ஆம்பளப் பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று பிடுங்கி வைத்துவிடுகிறார். அவரிடம் எப்படிப் பேசுவது?

பதில் 1:
விடுங்க, வளர வளரச் சரியாகிவிடும்.

பதில் 2:
சரியாவதற்கு இதில் என்ன கோளாறு இருக்கிறது? அவன் அப்பாவாக விளையாடுகிறான், அவ்வளவுதான். 2020இல் கார்டிஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 4 முதல் 8 வயதுப் பிள்ளைகள் விளையாடும்போது மூளைச் செயல்பாட்டை அளந்தார்கள். தனியாகப் பொம்மையோடு விளையாடும்போதும், பிறர் மனதைப் புரிந்துகொள்ள உதவும் பகுதி இயங்கியது. பையன்களிடமும் அப்படித்தான், பெண் பிள்ளைகளிடமும் அப்படித்தான். பார்பி தயாரிக்கும் மேட்டல் நிறுவனம் பணம் கொடுத்த ஆய்வு இது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பதில் 3:
ஆய்வையெல்லாம் தாத்தாக்கள் கேட்கமாட்டார்கள். பேரனையே அனுப்புங்கள்: "தாத்தா, பாப்பாவுக்குக் காய்ச்சல், நீங்கதான் டாக்டர்." எங்கள் அப்பா அப்படித்தான் விளையாட்டுக்குள் வந்தார்.

கேட்டவர்:
நல்ல யோசனை. இன்று மாலையே செய்து பார்க்கிறேன். பொம்மையைப் பிடுங்க மட்டும் இனி விடமாட்டேன்.