லாவினோ – ஒச்சோல் இரு குரல் வாசிப்பு: தொடக்கத்துக்கு எந்தப் பகுதி?

உகாண்டாக் கவிஞர் ஒகோட் பிடெக்கின் மரபை இகழும் கணவன் மேல் கிராமத்து மனைவி லாவினோ கோபப்படும் ‘லாவினோவின் பாடல்’ (1966), அவள் கணவன் ஒச்சோல் பதில் சொல்லும் ‘ஒச்சோலின் பாடல்’ இரண்டையும் இரு குரல் மேடை வாசிப்பாகத் தயாரிக்கிறோம். கிடைத்திருப்பது 50 நிமிடம். லாவினோவுக்கு 13 பகுதி, ஒச்சோலுக்கு 9. முழுசாகப் படிக்க வழியில்லை.

நேரத்தைவிடப் பெரிய சிக்கல் சிரிப்பு. லாவினோவின் 2, 3ஆம் பகுதிகளில், ஒச்சோல் விரும்பும் இன்னொரு பெண்ணான கிளமென்டைனின் உதட்டுச் சாயமும் வெள்ளைக்காரர் நடனமும் வந்ததும் அவையில் சிரிப்பு கிளம்புகிறது. அதோடு லாவினோ பட்டிக்காட்டுக் கோமாளி ஆகிவிடுகிறாள். அண்ணன் தம்பி ஆளுக்கொரு கட்சியாய்ப் பிரிவதைச் சொல்லும் 11ஆம் பகுதி பிறகு எடுபடுவதே இல்லை. அவளுடைய ஆகக் கூர்மையான வாதம் அதுதான் என்பது என் கணிப்பு.

2, 3 இரண்டையும் வெட்டிப் பார்த்தோம். அவள் கோபத்துக்குக் காரணம் விளங்காமல் போனது. இருவரையும் மாறி மாறிப் படிக்க வைத்ததும் ஒட்டவில்லை. அவள் நடனம், கூந்தல், அடுப்பு, ஞானஸ்நானம் என ஒவ்வொன்றாக எடுத்துப் பேசுகிறாள். ஒச்சோலோ வரிசையாகப் பதில் தராமல் பழைய மரபு மொத்தத்தையும் கொளுத்தச் சொல்கிறான். அவனை முதலில் விட்டால் வெறும் வில்லன்.

7ஆம் பகுதி மட்டும் எப்படிப் படித்தாலும் நிற்கிறது. சுவர்க்கடிகாரத்தின் பெண்டுலம் புயலில் ஆடும் காய்போல அசைகிறது. குழந்தைக்குப் பால் கொடுக்க நேரம் பார்ப்பானேன் என்கிறாள். அது கட்டாயம் இருக்கும். 11, 12ம் உறுதி.

இந்த மூன்றுக்கும் முன்னால், சிரிப்பில் கரையாமல் அவள் கோபத்தை நிறுத்த லாவினோவின் எந்தப் பகுதியை வைக்கலாம்?