காரணம் கேட்டால் சொல்லத் தெரியவில்லை. அப்பாவிடம் என்ன சொல்வது?

வெளியூர்க்காரன்:
எங்களுடையது கறுப்புச் சட்டைக் குடும்பம். அப்பா அம்மா கல்யாணமே புரோகிதர் இல்லாமல், மாலை மாற்றி நடந்தது. பொங்கல் உண்டு, தீபாவளி கிடையாது. சிதம்பரத்துக்கு மாற்றலாகி வந்தபின் சாயங்காலம் பொழுது போகாமல் கோயிலுக்குள் நுழைந்தவன், இப்போது போகாமல் இருக்க முடியவில்லை.

நடராஜருக்குப் பக்கத்தில் ஒரு திரை. தீட்சிதர் அதை விலக்கி ஆரத்தி காட்டுவார். உள்ளே சிலையும் இல்லை, லிங்கமும் இல்லை. தங்க வில்வ இலைச் சரங்கள் மட்டும் தொங்கும். ஆகாயத் தலம் என்பதால் அந்த வெற்றிடம்தான் சாமி. அதுவரை முண்டியடித்த கூட்டம் சட்டென்று அடங்கிவிடும். என் கை தானாகக் குவிகிறது.

போன வாரம் வந்த அப்பா, சட்டைப் பையில் விபூதிப் பொட்டலத்தைப் பார்த்துவிட்டார். திட்டியிருந்தால் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன். "எதை வச்சு நம்புறே? யோசிச்சுச் சொல்லு, அவசரமில்லை" என்று போய்விட்டார். வேண்டுதல் பலித்தது என்று சொல்ல, நான் எதுவும் வேண்டிக்கொண்டதே இல்லை. 'உலகத்தைப் படைத்தது யார்' என்ற வாதம் எனக்கே ஒட்டவில்லை. இங்கே யாருக்காவது இந்த அனுபவம் உண்டா?

ஈரோட்டான்:
நான் உங்கள் அப்பா கட்சி. கற்பூரமும் மணிச் சத்தமும் கூட்டமும் சேர்ந்தால் யாருக்கும் சிலிர்க்கும். எனக்குப் பறை கேட்டாலே சிலிர்க்கிறது, அதற்காகப் பறையைக் கும்பிடுவதில்லை. ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: 'சிதம்பரம் பூமத்திய ரேகையில் இருக்கிறது, விஞ்ஞானமே சொல்கிறது' என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதைக் கொண்டுபோய் அவரிடம் நீட்டாதீர்கள். அந்த ரேகை இந்தியாவைத் தொடவே இல்லை. ஊர் 11 டிகிரிக்கும் மேலே வடக்கில் இருக்கிறது.

கணக்கு டீச்சர்:
கணித மேதை ராமானுஜன் தன் கணக்கெல்லாம் குலதெய்வம் நாமகிரித் தாயார் அருள் என்றார். கேம்பிரிட்ஜில் அவரோடு உட்கார்ந்து வேலை பார்த்த ஹார்டி பச்சை நாத்திகர். 1914-லிருந்து 1919 வரை இரண்டு பேருக்கும் ஒத்துத்தானே போனது? ஹார்டி நிரூபணம் கேட்டது சூத்திரங்களுக்கு.

ஈரோட்டான்:
டீச்சர், அந்தச் சூத்திரங்கள் நின்றதும் நிரூபணத்தால்தான், தாயாரால் இல்லை.

கணக்கு டீச்சர்:
நானும் அதைத்தான் சொல்கிறேன் தம்பி. கணக்கு சரி என்பதற்குத் தாயாரைச் சாட்சிக்கு இழுத்தால் மார்க் போட மாட்டேன். இவர் அப்படி எதையும் சாதிக்கவில்லையே. கோயிலுக்குப் போகிறார், அவ்வளவுதான்.

வெளியூர்க்காரன்:
நேற்று ராத்திரி போன் போட்டேன். "நிரூபணம் ஒண்ணும் இல்லப்பா. அங்கே நின்னா நம்பிக்கை வருது, ஏன்னு தெரியல" என்றேன். பூமத்திய ரேகை கதையையும் சொன்னேன், விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் குரல் மாறிவிட்டது. "உன் சாமி உன்னோட. என் உடம்பு மெடிக்கல் காலேஜுக்குன்னு எழுதி வச்சிருக்கேன். அன்னிக்குச் சடங்கு, தீட்டுன்னு ஆரம்பிச்சுடாதே, உன் கையெழுத்தும் வேணும்" என்றார். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகிறேன், கையெழுத்துப் போட.