லிங்கன் நகரை நடந்து பார்க்க வழி சொல்லுங்களேன்

வணக்கம் நண்பர்களே. அக்டோபரில் அம்மாவோடு இங்கிலாந்தின் லிங்கன் நகரத்துக்கு ஒரு நாள் போகிறேன். ரயில் நிலையம் கீழே, பேராலயமும் கோட்டையும் குன்றின் மேலே. நடுவில் ஸ்டீப் ஹில் என்ற கல் பாவிய செங்குத்தான தெரு. அம்மாவுக்கு மூட்டு வலி. சமதளத்தில் எவ்வளவு தூரமும் நடப்பார், ஏற்றம்தான் ஆகாது. அதனால் பஸ்ஸிலோ டாக்ஸியிலோ மேலே போய்விட்டு, இறங்கும்போது மெதுவாக நடக்கலாம் என்று நினைக்கிறேன். மழை பெய்தால் அந்தக் கற்கள் ரொம்ப வழுக்குமா? வழியில் உட்கார பெஞ்சு இருக்குமா?

பேராலயத்தில் ஏஞ்சல் குவயர் என்ற பகுதியின் தூண்களுக்கு மேலே கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கும் குட்டிச்சாத்தான் சிற்பத்தை அம்மாவுக்குக் காட்டியே ஆக வேண்டும். எந்தப் பக்கம் நின்றால் தெரியும்? கோட்டையில் 1215ஆம் ஆண்டு மாக்னா கார்ட்டா என்ற உரிமைச் சாசனம் இருக்கிறது, எஞ்சியிருக்கும் நான்கு பிரதிகளில் ஒன்று. அதை விட மனமில்லை. அப்புறம் ரோமானியர் கட்டிய நியூபோர்ட் வளைவு. இன்றும் அதனடியில் வண்டிகள் போகின்றனவாம்!

கோட்டை மதில் மேல் சுற்றி வர லிஃப்ட் வசதி உண்டா? நேரம் போதாவிட்டால் எதை விடலாம்? போய் வந்தவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.